தொலைந்த பிள்ளையின் கதை: கடலூர் வாசகர்கள் எதற்காகச் சண்டை போட்டார்கள்?

திருவிழாக் கூட்டத்தில் ஐந்து வயதுப் பெண்குழந்தை ஒன்று தொலைந்துபோகிறது. இப்படித் தொடங்கும் மர்ம நாவல் ஒன்று கொஞ்ச காலமாகக் கடலூரிலும் புதுச்சேரியிலும் கைமாறிக் கைமாறிப் படிக்கப்படுகிறது. மஞ்சக்குப்பத்தில் நாங்கள் சிலர் மாதம் ஒரு ஞாயிறு கூடிப் புத்தகம் பேசுவோம். இந்த நாவலை எடுத்த அன்று பேச்சு முடியவில்லை. அடுத்த மாதமும் அதையே பேசினோம். குரல்கள் உயர்ந்தன, ஒருவர் பாதியில் எழுந்து போய்விட்டார். குழந்தையைத் தூக்கியது யார் என்பதற்காக யாரும் சண்டை போடவில்லை. அது நாவலின் பாதியிலேயே ஏறக்குறைய தெரிந்துவிடுகிறது. சண்டை முழுக்கக் கடைசி அத்தியாயத்துக்காக. ஒரே முடிவைச் சிலர் ஏமாற்று வேலை என்றார்கள், சிலர் இதைவிட நியாயமாக முடிக்க முடியாது என்றார்கள். இது ரசனை வேறுபாடு மட்டும் இல்லை என்று எனக்குத் தோன்றியதால்தான் இதை எழுதுகிறேன். முடிவைச் சொல்லாமல் எழுத வழியில்லை. அதனால் நாவலின் பெயரையும் எழுதியவர் பெயரையும் விட்டுவிடுகிறேன். இனிமேல் படிக்கப்போகிறவர்களுக்கு அது கெட்டுவிடக் கூடாது.

கதை 2006 மாசி மகத்தன்று தொடங்குகிறது. ஊரின் பெயர் எங்கும் வரவில்லை. ஆனால் சுற்றுவட்டாரச் சாமிகள் வரிசையாகக் கடற்கரைக்கு வந்து தீர்த்தவாரி ஆடுவதையும், சவுக்குத் தோப்பையும், சுனாமிக்குப் பிறகு கட்டிய குடியிருப்புகளையும் படித்தவர்கள் அது கடலூரின் தேவனாம்பட்டினம்தான் என்று அடித்துச் சொல்கிறார்கள். தாய் சுண்டல் வாங்கக் காசு எடுப்பதற்காகக் குழந்தையின் கையை விடுகிறாள். திரும்பிப் பார்த்தால் குழந்தை இல்லை. அதன் பிறகு கதை மூன்று குரல்களில் போகிறது. ஒன்று தாய். இன்னொன்று புகாரைக் கேட்கும் எஸ்.ஐ. மூன்றாவது, எங்கோ ஒரு வீட்டில் வேறு பெயரில் கூப்பிடப்பட்டு வளரும் ஒரு சிறுமி. அந்தச் சிறுமி தொலைந்த குழந்தைதானா என்பதை நாவல் சொல்வதே இல்லை. 2018-ல் வெளிமாநிலத்தில் வீட்டுவேலையிலிருந்து மீட்கப்பட்ட ஒரு பெண் ஊருக்கு அழைத்து வரப்படுகிறாள். வயது பதினேழு இருக்கும் என்கிறார்கள். கடலும் மேளச் சத்தமும் தவிர அவளுக்கு வேறு ஞாபகம் இல்லை. ரத்தப் பரிசோதனை செய்துவிடலாம் என்கிறார் இப்போது இன்ஸ்பெக்டராகிவிட்ட அதே எஸ்.ஐ. "வேண்டாம் சார்" என்கிறாள் தாய். அத்தோடு கதை முடிகிறது.

எங்களுக்குள் சுற்றிய பிரதி ஒன்றே ஒன்று. அது என் கைக்கு வரும்போது கடைசிப் பத்துப் பக்கங்கள் நடுப்பக்கங்களைவிட அதிகமாக அழுக்கேறியிருந்தன. பலரும் நடுவிலேயே கடைசிக்குப் போய், குழந்தை உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள். கேட்டபோது பெண்கள் தயங்காமல் ஒத்துக்கொண்டார்கள். "புள்ள செத்துடுச்சின்னா நான் படிக்கவே மாட்டேன்" என்றார் ஒரு டீச்சர். மர்ம நாவல் படிக்கும் முறை இதுவா என்று ஆண்களில் சிலர் கோபித்தார்கள். எனக்கு அதில் குறை தெரியவில்லை. 2011-ல் அமெரிக்காவின் சான் டியேகோவில் இரண்டு உளவியலாளர்கள் சிறுகதைகளை வைத்து ஒரு சோதனை நடத்தினார்கள். முடிவு முன்பே தெரிந்தவர்கள் கதையைக் குறைவாக ரசிக்கவில்லை, கொஞ்சம் கூடுதலாகவே ரசித்தார்கள் என்பது அதில் வந்த முடிவு. விழுப்புரம், கடலூர்ப் பக்கத்துக் கூத்து பார்த்தவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது. அபிமன்யு செத்துப்போவான் என்பது தெரியாமல் யாரும் அபிமன்யு கூத்துக்கு வருவதில்லை. தெரிந்தே வருகிறார்கள், விடியும் வரை உட்கார்ந்திருக்கிறார்கள், அந்த இடம் வரும்போது அழவும் செய்கிறார்கள். என்ன ஆகும் என்ற பதற்றம் போன பிறகுதான், ஆவதை ஒவ்வொரு அடியாகப் பார்க்க மனம் இடம் கொடுக்கிறது. கடைசிப் பக்கத்தை முதலில் பார்த்த டீச்சர்தான் எங்கள் எல்லோரையும்விட நாவலைக் கூர்ந்து படித்திருந்தார்.

முதல் வாக்குவாதம் தாயைப் பற்றி. "அவ ஏன் கைய விட்டா?" அரைமணி நேரம் இதுவே ஓடியது. கூட்டத்தில் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டிருக்க வேண்டாமா, காசை முன்பே முந்தானையில் முடிந்திருக்க வேண்டாமா என்று ஆளாளுக்கு அவளுக்கு வழி சொன்னார்கள். அந்த நேரத்தில் தகப்பன் எங்கே இருந்தான் என்று கேட்டவர் ஒருவர்கூட இல்லை. அவனும் திருவிழாவுக்கு வந்தவன்தான். நூறடி தள்ளி டீக்கடையில் கூட்டாளிகளோடு நிற்கிறான், அது முதல் அத்தியாயத்திலேயே ஒரு வரியாக வருகிறது. அந்த வரி ஏன் யார் கண்ணிலும் படவில்லை? முதல் அத்தியாயம் தாயின் குரலில் இருக்கிறது. தன்மேல் பழியைப் போட்டுக்கொள்கிறவள் அவள்தான். வாசகர் அவள் காட்டிய பக்கமே பார்க்கிறார். தகப்பனுக்கு நாவலில் குரலே கிடையாது, அதனால் அவனிடம் யாரும் கேள்வி கேட்பதும் இல்லை. எழுதியவர் இதைத் தெரிந்தே செய்திருக்கிறார் என்பது என் எண்ணம், ஏனென்றால் பன்னிரண்டு வருடம் கழித்துத் தகப்பன் அதே டீக்கடையில் நிற்பதாக இன்னொரு வரி வருகிறது. ஒரு பிள்ளை தொலைந்தால் ஊர் முதலில் யாரைக் கேட்கும் என்பதை வாசகர்களை வைத்தே நாவல் நடத்திக் காட்டுகிறது.

இரண்டாவது ஆள் பலூன்காரர். வெளியூர்க்காரர், இந்தி பேசுகிறவர், குழந்தை தொலைந்த இடத்துக்குப் பக்கத்தில் நின்றவர். கூட்டம் அவரைப் பிடித்து அடிக்கிறது. போலீஸ் வந்து மீட்கும்போது அவருக்கு ஒரு கண் போய்விட்டது. அவருக்கும் குழந்தைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. கூட்டத்தில் பேசியபோது, அவர்மேல்தான் முதலில் சந்தேகப்பட்டோம் என்று ஏறக்குறைய எல்லோரும் சொன்னார்கள். ஆனால் அடிபட்ட பிறகு அவர் என்ன ஆனார் என்பதைப் பேசியவர்கள் குறைவு. மர்ம நாவல் படித்துப் பழகியவர்களுக்கு அவர் ஒரு பொய்த்தடம். தடம் பொய் என்று தெரிந்ததும் மறந்துவிடலாம். ஆனால் நம் வட்டாரத்தில் நிஜமாகவே நடந்ததை நினைத்துப் பார்க்க வேண்டும். பிள்ளை பிடிக்கிறவர்கள் ஊருக்குள் நுழைந்துவிட்டார்கள் என்று 2018-ல் வாட்ஸ்அப்பில் வதந்தி பரவியது. அந்த ஆண்டு மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வம் கோயிலுக்குப் போன ஒரு குடும்பம் வழியில் குழந்தைகளுக்குச் சாக்லெட் கொடுத்தது. அதற்காக ஊர் கூடி அடித்ததில் சென்னையைச் சேர்ந்த 65 வயது அம்மா ஒருவர் செத்துப்போனார். அதே மாதம் பழவேற்காட்டில் இன்னொருவர் அடித்துக் கொல்லப்பட்டார். நாம் சின்ன வயதில் கேட்டு வளர்ந்த "புள்ள புடிக்கிறவன்" எப்போதும் சாக்கோடு வெளியூரிலிருந்து வருகிறவன். ஆனால் குழந்தைகள்மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ வழக்குகளில் குற்றம் சாட்டப்படுகிறவர் மிகப் பெரும்பாலும் குழந்தைக்குத் தெரிந்தவரே என்று தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகள் ஆண்டுதோறும் சொல்லிவருகின்றன. 2024 மார்ச்சில் புதுச்சேரி முத்தியால்பேட்டையில் வீட்டுப் பக்கத்தில் விளையாடிக்கொண்டிருந்த ஒன்பது வயதுச் சிறுமி காணாமல் போய், மூன்று நாள் கழித்துக் கால்வாயில் உடலாகக் கிடைத்தாள். கைதானவர்கள் அதே பகுதிக்காரர்கள். புதுச்சேரியிலிருந்து வந்த வாசகர் ஒருவர் நாவலின் முதல் ஐம்பது பக்கத்தோடு நிறுத்திவிட்டதாகச் சொன்னார். அவர் மகளுக்கும் அப்போது ஒன்பது வயது. அவரை யாரும் மேற்கொண்டு படிக்கச் சொல்லவில்லை.

நாவலில் பலருக்கும் அலுப்புத் தட்டிய இடம் போலீஸ் ஸ்டேஷன் அத்தியாயம். எனக்கு அதுதான் நாவலின் நெஞ்சு. எட்டு மணிக்குத் தாய் ஸ்டேஷனுக்கு வருகிறாள். பந்தோபஸ்துக்கு எல்லோரும் போய்விட்டதால் ஆள் இல்லை. எஸ்.ஐ. வருகிறார். கெட்டவர் இல்லை, காலையிலிருந்து சாப்பிடாதவர். "சொந்தக்காரங்க வீட்ல பாருங்கம்மா, காலைல வாங்க" என்கிறார். மறுநாள், புகார் வந்தது என்பதற்கு மட்டும் அத்தாட்சியான சி.எஸ்.ஆர். ரசீது ஒன்று போட்டுக் கொடுக்கிறார். எஃப்.ஐ.ஆர். ஒன்பதாம் நாள்தான் பதிவாகிறது. எங்கள் பிரதியில் இந்தப் பக்கத்தின் ஓரத்தில் யாரோ பென்சிலால் எழுதியிருந்தார்கள்: "அப்பவே எழுதி வாங்கியிருக்கணும்." ஸ்டேஷன் படியேறிய அனுபவம் உள்ள கை.

இந்த இடத்தின் கனம் புரிய 2006-க்கும் 2018-க்கும் இடையில் மாறியது என்ன என்று தெரிந்திருக்க வேண்டும். 2006 டிசம்பரில் டெல்லிக்குப் பக்கத்தில் நொய்டாவின் நிதாரியில் ஒரு வீட்டுக்குப் பின்னால் குழந்தைகளின் எலும்புகள் கிடைத்தன. பிள்ளைகளைக் காணோம் என்று ஏழைப் பெற்றோர் அதற்கு முன்பே மாதக்கணக்கில் ஸ்டேஷனுக்கு நடந்திருந்தார்கள். அவர்கள் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ள ஆளில்லை. காணாமல் போகும் குழந்தைகள் பற்றிய பொதுநல வழக்கில் 2013 மே 10 அன்று உச்ச நீதிமன்றம் ஓர் உத்தரவு போட்டது. குழந்தையைக் காணோம் என்று யார் புகார் கொடுத்தாலும் எஃப்.ஐ.ஆர். பதிவு செய்தே ஆக வேண்டும். வேறுவிதமாகத் தெரியவரும் வரை அது கடத்தல் என்றே கொள்ள வேண்டும். நான்கு மாதத்தில் கிடைக்காவிட்டால் வழக்கு ஆள்கடத்தல் தடுப்புப் பிரிவுக்குப் போக வேண்டும். அதாவது, வீட்டுக்குப் போய்த் தேடிவிட்டுக் காலையில் வாருங்கள் என்று சொல்வதற்கு இன்று சட்டத்தில் இடமே இல்லை. ரசீதோடு அனுப்பினால் வாங்கிக்கொண்டு வர வேண்டியதும் இல்லை, எஃப்.ஐ.ஆர். நகலை இலவசமாகக் கேட்டு வாங்கலாம், குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கும் உடனே சொல்லலாம். நாவலில் அந்த எஸ்.ஐ. இந்த உத்தரவு வந்த பிறகுதான் பழைய கோப்பைத் தூசி தட்டி எடுக்கிறார். அவரைத் தூங்கவிடாமல் செய்வது கொலைகாரன் யாரும் இல்லை, குழந்தை தொலைந்த அன்று தான் வீணடித்த இரவு. மர்ம நாவலில் இப்படி ஓர் அதிகாரி பாத்திரம் வருவது அபூர்வம்.

இனி முடிவு. இன்ஜினியரிங் படிக்கும் தம்பி ஒருவர் இதில் துப்பறிவாளராகவே மாறிவிட்டார். முதல் அத்தியாயத்தில் குழந்தையின் இடது காதுக்குக் கீழே தீக்காயத் தழும்பு ஒன்று சொல்லப்படுகிறது. வேறு பெயரில் வளரும் சிறுமியின் அத்தியாயங்களில் கால், கை, சீப்பு, பாவாடை எல்லாம் வருகின்றன, காது மட்டும் வரவே வராது. கடைசி அத்தியாயத்தில் வந்து நிற்கும் பெண்ணின் கூந்தல் இடது பக்கம் விழுந்திருக்கிறது. தாயின் கை அதன் அருகே போகிறது, ஒதுக்காமல் தோளுக்கு இறங்கிவிடுகிறது. "கைய வெச்சவ ஒதுக்கிப் பாக்க வேண்டியதுதானே?" என்று அந்தத் தம்பி நிஜமாகவே கலங்கிப்போய்க் கேட்டார். தொலைந்துபோனவர்கள் மச்சத்தையும் குடும்பப் பாட்டையும் வைத்து ஒன்று சேரும் படங்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அடையாளம் ஒன்றைக் காட்டிவிட்டால் அது கடைசியில் சரிபார்க்கப்பட வேண்டும் என்பது நமக்கும் கதைக்கும் உள்ள ஒப்பந்தம். நாவல் அதை மீறுகிறது. ஏமாற்றம் என்று சொன்னவர்களின் நியாயம் இது. இலேசாகத் தள்ளிவிட முடியாதது.

ஆனால் அடையாளச் சோதனை நமக்குப் புதிது இல்லை. வில்லிபாரதத்தில் குந்தி கர்ணனிடம் தான் அவன் தாய் என்று சொல்லி வரும்போது, அவன் உடனே நம்புவதில்லை. இதற்கு முன் பலர் அப்படிச் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறார்கள். அவனிடம் இருந்த தெய்வத் துகிலை வாங்கிப் போர்த்தியதும் பொய் சொன்னவர்களை அது எரித்துவிட்டது. குந்தி போர்த்தினாள், எரியவில்லை. கூத்திலும் கர்ண மோட்சம் விடியற்காலையில் நடக்கும்போது பெண்கள் அழுவது பெரும்பாலும் கர்ணனின் சாவுக்கு இல்லை. இத்தனை வருடம் கழித்து மடியில் போட்டுக்கொண்டு இவன் என் மகன் என்று வாய்விட்டுச் சொல்ல ஒரு தாய்க்கு அவன் செத்த பிறகுதான் முடிந்தது என்பதற்கு. நம் காலத்தின் தெய்வத் துகில் டி.என்.ஏ. சோதனை. 2004 சுனாமியில் இலங்கையின் கிழக்குக் கரையில், கல்முனை மருத்துவமனையில் ஒரு கைக்குழந்தை தனியாக வந்து சேர்ந்தது. அன்றைக்குச் சேர்க்கப்பட்ட 81-ஆவது ஆள் என்பதால் 'குழந்தை 81' என்று உலகமெங்கும் பெயராயிற்று. அது தங்கள் பிள்ளை என்று பல பெற்றோர் சொன்னதாகச் செய்திகள் வந்தன. 2005 பிப்ரவரியில் டி.என்.ஏ. சோதனைக்குப் பிறகுதான் குழந்தை ஒரு தமிழ்த் தம்பதியரிடம் ஒப்படைக்கப்பட்டது. சோதனை அந்தக் குடும்பத்துக்குப் பிள்ளையைக் கொடுத்தது. அதே சோதனை, தன் பிள்ளையாக இருக்கக்கூடாதா என்று ஏங்கி வந்த வேறு தாய் யாராவது இருந்திருந்தால், அவளுக்கு என்ன கொடுத்திருக்கும்?

கடலூர் மாவட்டத்தில் சுனாமி வந்த அந்த ஞாயிறு காலை அறுநூறுக்கும் மேற்பட்டவர்களைக் கடல் கொண்டுபோனது, குழந்தைகள் அதில் நிறைய. தேவனாம்பட்டினம், சோனங்குப்பம், சிங்காரத்தோப்பு என்று கரையோரம் முழுக்க வீட்டுக்கு வீடு இழவு. சில வீடுகளில் உடலே கிடைக்கவில்லை. பிள்ளை விற்பவர்கள் புகுந்துவிடுவார்கள் என்று பயந்து அரசு அப்போது தத்துக் கொடுப்பதை அனுமதிக்காமல், நாகப்பட்டினத்திலும் கடலூரிலும் தானே இல்லம் திறந்தது. நாவலின் முதல் நாள் இதற்கு ஒரு வருடமும் சில மாதமும் கழித்து வருகிறது. அதனால்தான் மைக்செட்டில் குழந்தையின் அடையாளம் சொல்லப்படும்போது கரையில் நிற்கும் பெண்கள் சத்தம் போடாமல் உறைந்து நிற்பதாக எழுதியிருக்கிறது. வெளியூர் வாசகர் அதை வெறும் வருணனை என்று தாண்டிவிடலாம், நம்மூர்க்காரர் தாண்ட மாட்டார்.

சிங்காரத்தோப்பிலிருந்து வரும் அக்கா ஒருவர் அதுவரை எதுவும் பேசவில்லை. அவருடைய அக்கா மகன் அன்று போனவன், உடல் கிடைக்காதவன். இன்ஜினியரிங் தம்பியைப் பார்த்து அவர் சொன்னது இது: "ஒதுக்கிப் பாத்து, தழும்பு இல்லன்னு வெச்சிக்க தம்பி. அந்தப் பொண்ண மறுபடி எங்க அனுப்பறது? இவ மறுபடி எங்க போய் உக்கார்றது?" பாலின் பாஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் இந்த நிலையைப் பற்றி 1970-களிலிருந்து எழுதியவர். இருக்கிறாரா இல்லையா என்று தெரியாத இழப்பில் துக்கம் தொடங்கவும் முடியாது, முடியவும் முடியாது என்பது அவர் கண்டது. சட்டத்துக்கு இதில் ஒரு கணக்கு உண்டு. ஏழு வருடம் ஒருவரைப் பற்றி எந்தத் தகவலும் இல்லையென்றால் இறந்துவிட்டதாகக் கொள்ளலாம். வீட்டுக்கு அந்தக் கணக்கு உதவாது. எந்த நாளில் திதி கொடுப்பது என்பதிலேயே அக்கா குடும்பம் பிரிந்து நிற்கிறது. ஒரு பதிலுக்காகப் படித்தவர்களும், காத்திருந்த பழக்கத்தில் படித்தவர்களும் ஒரே பக்கத்தில் இரண்டு வேறு கதைகளைப் பார்த்தார்கள். நான் அக்கா பக்கம். அந்தத் தாய் உண்மையைப் பார்க்கப் பயந்தவள் இல்லை. தன் மகளா என்று கேட்பதைவிட, இந்தப் பெண்ணுக்கு வீடு உண்டா என்று கேட்பதை மேலாக நினைத்தவள்.

புதுச்சேரியிலிருந்து வந்த வக்கீல் அம்மா இதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. நடைமுறையில் குழந்தைகள் நலக் குழு விசாரித்துச் சரிபார்க்காமல் பதினெட்டு வயது நிரம்பாத பெண்ணை யாரிடமும் ஒப்படைக்காது. தாய் வேண்டாம் என்றால் விட்டுவிடுகிற விஷயம் இல்லை இது என்றார். அது சரி, நாவல் அந்த இடத்தைச் சாமர்த்தியமாகத் தாண்டிப்போகிறது. ஆனால் அவர் அடுத்துக் கேட்டதுதான் என்னைப் பல நாள் விடவில்லை. "இவ வேற ஒருத்தி பெத்த பொண்ணா இருந்தா? அவ இன்னும் ஏதோ ஒரு ஸ்டேஷன் வாசல்ல நின்னுக்கிட்டு இருந்தா?" தாயின் பெருந்தன்மை இன்னொரு தாயின் வழியை அடைத்துவிடாதா? அந்தப் பெண்ணுக்கும்தான் தான் யார் என்று தெரிந்துகொள்ளும் உரிமை இல்லையா? சிங்காரத்தோப்பு அக்காவும் இதற்குப் பதில் சொல்லவில்லை.

திரும்பப் படித்தபோது நாவல் இதை யோசிக்காமல் இல்லை என்று தெரிந்தது. தாய் வேண்டாம் என்று சொல்வதற்கு ஒரு பக்கம் முன்னால், இன்ஸ்பெக்டர் ஸ்டேஷனில் இரண்டு தாள்களில் கையெழுத்துப் போடுகிறார். முதலாவது, மீட்கப்பட்ட பெண்ணின் படத்தையும் விவரத்தையும் மற்ற மாநிலங்களுக்கு அனுப்பும் கடிதம். இரண்டாவது, 2006-ஆம் ஆண்டுக் கோப்பின் மேலட்டை. எழுத்தர் 'முடிக்கலாமா சார்' என்று கேட்கிறார், அவர் 'நிலுவை' என்று எழுதச் சொல்கிறார். காதைத் தேடிக்கொண்டு வேகமாகப் பக்கம் புரட்டியதில் நாங்கள் எல்லோரும் இந்த நாலு வரியைத் தாண்டிவிட்டிருந்தோம். தாய் சோதனையை மறுக்கிறாள், ஆனால் தேடுதல் இரண்டு பக்கமும் நிற்கவில்லை. தொலைந்த குழந்தைக்காகவும் நிற்கவில்லை, இந்தப் பெண்ணைத் தேடுகிறவர்களுக்காகவும் நிற்கவில்லை. வக்கீல் அம்மாவின் கேள்விக்கு இது முழுப் பதில் ஆகாது. அந்தப் பெண்ணிடம் யாரும் கேட்கவில்லை என்பது அப்படியேதான் இருக்கிறது. அவளுக்குப் பதினெட்டு நிரம்பிய பிறகு அவளே போய் அந்தக் கோப்பைக் கேட்கலாம். கேட்டால் கொடுப்பதற்குக் கோப்பு இருக்கும்.